காகிதங்களால் கைமாறிய மண்: அமெரிக்கா முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை



ஜும்ஆ தொழுது முடித்துப் பள்ளிவாசல் வாயிலில் நின்று மேற்கே பாருங்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நம் ஊர் எதுவாக இருந்தாலும், கண்ணுக்கு எதிரே நிற்பது மலை. அந்த மலையின் மிளகும் ஏலமும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டிருக்கின்றன. அந்த மிளகுக்கும் அமெரிக்கா என்னும் கண்டத்தின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1492-ல் கொலம்பஸ் ஸ்பெயினிலிருந்து கப்பலேறியபோது அவர் தேடிச் சென்றது இந்தியாவையும் கீழை நாடுகளையும்; அவற்றின் பொன்னையும் மிளகையும். அவர் சென்று சேர்ந்ததோ வேறொரு நிலம். அங்கே வாழ்ந்த மக்களை அவர் ‘இந்தியர்’ என்று அழைத்தார். அந்தத் தவறான பெயர் 500 ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிளகு கிடைக்காத அந்த மண்ணில் கிடைத்த வேறொரு காரப் பொருள் போர்ச்சுகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. மிளகைப் போலக் காரமாக இருந்ததால் நம் முன்னோர் அதற்கு ‘மிளகாய்’ என்று பெயரிட்டனர். மக்காச்சோளம், நிலக்கடலை, தக்காளி, புகையிலை ஆகியனவும் அங்கிருந்து வந்தவையே. நம் அடுக்களையிலேயே அந்த வரலாறு அமர்ந்திருக்கிறது.

அது உணவோடு நின்றுவிட்டதா? இல்லை. அமெரிக்காவில் அந்நியர் மண்ணைக் கைப்பற்றிய அதே வழிமுறைகள் பின்னர் நம் பள்ளத்தாக்கிலும் பயன்படுத்தப்பட்டன. வாளும் துப்பாக்கியும் முன்னே சென்றன; நிலைத்து நின்றவையோ காகிதங்கள்! அந்தக் காகிதங்களைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்கவிருக்கிறோம்.

நடந்து அளந்த நிலம்

1607-ல் வர்ஜீனியா கம்பெனி என்னும் வணிக நிறுவனம் ஜேம்ஸ்டவுன் என்ற குடியேற்றத்தை நிறுவியது. 1620-ல் ‘மேஃபிளவர்’ கப்பலில் வந்தவர்கள் பிளிமத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்பே ஐரோப்பியரின் நோய்கள் அங்கு வந்து சேர்ந்துவிட்டன. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளை நோயில் அந்தக் கடற்கரைக் கிராமங்கள் பல ஆளற்றுப் போயிருந்தன. பசியால் வாடிய வந்தேறிகளுக்கு வாம்பனோக் குலத்தார் மக்காச்சோளம் பயிரிடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அக்குலத்தின் தலைவர் மாசசாய்ட் 1621-ல் அவர்களோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்.

அந்த நன்றி எத்தனை காலம் நீடித்தது? மாசசாய்டின் மகன் மெட்டகாம் காலத்தில், 1675-ல், நிலப்பசி போராக வெடித்தது. 1676-ல் மெட்டகாம் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்திலேயே பல்லாண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டது. சிறைப்பட்டவர்களில் பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். தந்தை உணவளித்த ஊரில் மகனின் தலை!

போரை விடவும் அமைதியாக வேலை செய்தது பத்திரம். 1626-ல் மன்ஹாட்டன் தீவை 60 கில்டர் மதிப்புள்ள பொருட்களுக்கு வாங்கியதாக டச்சுக்காரர்கள் எழுதி வைத்தார்கள். நிலத்தை விற்பது என்றால் என்ன என்பதில் எழுதியவருக்கும் ஒப்புக்கொண்டவருக்கும் ஒரே பொருள் இருந்திருக்க முடியாது. ஒருவர் நினைத்தது முழு உரிமை. மற்றவர் நினைத்தது சேர்ந்து பயன்படுத்தும் அனுமதி.

1737-ல் பென்சில்வேனியாவில் நடந்தது இதனினும் கொடிது. லெனாபே குலத்தாரிடம் பழைய பத்திரம் ஒன்றைக் காட்டினார்கள். ‘ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து செல்லும் தூரம் வரை’ நிலம் தங்களுக்கு உரியது என்றார்கள். மனிதன் நடக்கும் தூரம்தானே என்று லெனாபே தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வேகமாக ஓடக்கூடிய மூன்று பேர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். காட்டில் முன்கூட்டியே பாதை வெட்டப்பட்டது. அவர்களில் இறுதிவரை தாக்குப்பிடித்த ஒருவர் 60 மைலுக்கும் அதிகமாகச் சென்றார். ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. காகிதத்தில் எழுத்து மாறவில்லை; எழுத்தின் உள்ளே இருந்த நேர்மைதான் கொல்லப்பட்டது.

தோற்றவர் வென்ற இடம்

இனி நம் பக்கம் திரும்புவோம். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து எழுந்தன. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அந்தப் படையின் தளபதி யார் தெரியுமா? கார்ன்வாலிஸ் பிரபு.

அமெரிக்காவை இழந்த அதே கார்ன்வாலிஸ் 1786-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிராகத் தாமே படை நடத்தினார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை எழுதப்பட்டது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் ஏற்றார். தம் மைந்தர்கள் இருவரைப் பிணையாக அனுப்பினார். அந்தக் காகிதத்தின் வழியாகக் கம்பெனியிடம் சென்ற பகுதிகளுள் ஒன்று திண்டுக்கல் சீமை. இன்றைய தேனி மாவட்டத்தின் பாளையங்கள் பலவும் அச்சீமையைச் சேர்ந்தவையே.

ஆக, அட்லாண்டிக் கரையில் இழந்ததற்கு ஈடு தேடிய பேரரசின் பார்வை நம் பள்ளத்தாக்கின் மீது விழுந்தது. அமெரிக்காவின் வரலாறு நமக்குத் தொலைவானது என்று யார் சொல்ல முடியும்?

பூஞ்சாறு பத்திரம்

கம்பத்திற்கும் போடிக்கும் மேலே உள்ள மலைகளில் முதுவர் முதலான பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது முதுவரின் வழிவழிச் செய்தி. அவர்களிடம் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை.

1877 ஜூலை 11 அன்று, ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். முன்பணம் 5,000 ரூபாய். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். திருவிதாங்கூர் அரசும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டது. அந்த மலையில் வாழ்ந்தவர்களிடம் எவரும் கையொப்பம் கேட்கவில்லை. மன்ஹாட்டனின் 60 கில்டர் உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா?

காடு அழிந்தது, தேயிலை எழுந்தது. பஞ்சத்தாலும் வறுமையாலும் நிலமிழந்த தமிழ்த் தொழிலாளர்கள் நம் போடி, குரங்கணிப் பாதை வழியாக மலையேறினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்குக் கம்பிவடம் அமைத்துத் தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள். இலாபம் கடல் கடந்தது; உழைப்பு மலையிலேயே புதைந்தது.

1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1972-ல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆயினும் யாருக்கு எவ்வளவு நிலம் என்ற வழக்குகளும் விவாதங்களும் முற்றுப்பெறவில்லை. தலைமுறைகளாக உழைத்தவர்களில் பலருக்கு ஓய்வு பெற்றபின் தலைசாய்க்கச் சொந்த வீடு இல்லை என்ற குரலும் ஓயவில்லை. ஒரு நாள் எழுதிய பத்திரம் எத்தனை தலைமுறையின் கதவைத் தட்டுகிறது பாருங்கள்!

999 ஆண்டுகள்

இப்போது நம் வயலுக்கு வருவோம். மேற்கே பாய்ந்து கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் புதிதன்று. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்தார். செலவு மிகுதியால் கைவிடப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் அந்த எண்ணத்திற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நீர்ப்பரப்பு. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். பொறியாளர் பென்னி குக் தலைமையில் 1887-ல் பணி தொடங்கியது. காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் தொழிலாளர் பலர் மாண்டனர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பப்பட்ட அணையை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்நீர் வைரவனாற்றில் இறங்கி, முல்லையாற்றோடு கலந்து, வைகையைச் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அதனை நம்பியிருக்கின்றன. நாம் உண்ணும் சோறும், பள்ளிவாசலில் ஒளூ செய்யும் நீரும் அந்த அணைக்குக் கடன்பட்டவை. ஆகவேதான் லோயர் கேம்ப்பில் பென்னி குக்கிற்கு மணிமண்டபம் நிற்கிறது. பொங்கல் நாளில் அவருக்காகப் பானை வைக்கும் ஊர்களும் உண்டு. நன்மை செய்தவருக்கு நன்றி சொல்வது நம் பண்பு. அதில் குறை வைக்க வேண்டாம்.

ஆனால் சகோதரர்களே! நன்றி சொல்லும் வாய் நியாயத்தையும் பேச வேண்டும். ஒரு சமஸ்தானம், தன்மேல் அதிகாரம் செலுத்தும் பேரரசிடம் 999 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தது. அந்த இருவரும் சமமானவர்களா? நெருக்கடியில் எழுதியதே என்ற மனக்குறை மலைக்கு அப்பால் இன்றும் இருக்கிறது. லெனாபேக்காகக் கண்ணீர் விடும் நாம், நமக்குப் பயன் தந்த பத்திரத்தைப் பற்றிக் கேள்வி எழும்போது காதைப் பொத்திக்கொள்ளலாமா? ஆகாது.

அதற்கான விடையும் வரலாற்றிலேயே இருக்கிறது. 1970 மே 29 அன்று, சுதந்திர நாட்டின் இரு மாநில அரசுகள் பழைய குத்தகையைத் திருத்தி எழுதின. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளாவுக்குச் சென்றது. தமிழகம் மின்சாரம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் வகுக்கப்பட்டது. பேரரசு எழுதியதைச் சமமானவர்கள் அமர்ந்து திருத்தினார்கள். லெனாபே மக்களுக்கு அந்த வாய்ப்புத் தரப்படவே இல்லை. இரண்டு கதைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

1979-ல் அணையின் பாதுகாப்புப் பற்றிய அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வலுப்படுத்தும் பணிகளுக்குப் பின் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-லும், மீண்டும் 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் 2011 டிசம்பரில் நடந்ததை நம்மில் எவரும் மறக்கவில்லை. குமுளிச் சாலையும் கம்பம் மெட்டுச் சாலையும் அடைபட்டன. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் அஞ்சி இறங்கி வந்தார்கள். இரு பக்கமும் கடைகள் மூடிக் கிடந்தன. 1886-ல் மை தொட்டு எழுதியவர்களின் பேரரசு என்றோ மறைந்தது. அடிபட்டவர்கள் அன்றாடக் கூலிகள்!

அமெரிக்காவிலும் இப்படியே. 2020 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 19-ஆம் நூற்றாண்டு உடன்படிக்கைகளில் மஸ்கோகி கிரீக் குலத்தாருக்கு வாக்களித்த நிலம் இன்னும் அவர்களின் காப்புநிலமே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தைப் பல்லாண்டுகள் மீறியதால் மட்டும் அது செல்லாததாகிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். காகிதம் ஏமாற்றவும் செய்யும். பாதுகாத்து வைத்தவனுக்கு ஒருநாள் கேடயமாகவும் நிற்கும்.

பிறக்கும் முன்பே எழுதப்பட்ட குற்றம்

மண்ணைப் பற்றிய காகிதங்களைப் பார்த்தோம். மனிதனைப் பற்றி எழுதப்பட்டவை இன்னும் கொடியவை.

1619-ல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 20 பேர் கொண்டுவந்து விற்கப்பட்டனர். 1662-ல் அங்கே ஒரு சட்டம் எழுதப்பட்டது: தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்ன பாவம் செய்தது? அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் புந்து நாட்டைச் சேர்ந்த ஐயூப் இப்னு சுலைமான், மேரிலாந்தின் புகையிலைத் தோட்டத்தில் 1731-ல் அடிமையாக இருந்தார். தம் தந்தைக்கு அரபியில் ஒரு கடிதம் எழுதினார். அது தந்தையை அடையாமல் இலண்டன் சென்றது. அதைக் கண்டவர்கள் அவரை மீட்டனர். 1734-ல் தம் நாடு திரும்பினார். அவரை அடிமையாக்கியதும் ஒரு காகிதம். மீட்டதும் ஒரு காகிதம். இடையில் நின்றது அவர் கற்ற கல்வி.

‘பிறப்பால் அடிமை’ என்ற அந்தச் சட்டத்தின் உடன்பிறப்பு நம் பக்கத்திலும் வாழ்ந்தது. 1871-ல் முதலில் இயற்றப்பட்டு, 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்திற்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டமே அது. நம் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றார்கள். பிரமலைக் கள்ளர் சமுதாயம் முழுவதும் குற்றவாளிகளாகப் பதியப்பட்டது. ஆண்கள் கைரேகை கொடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊரைத் தாண்டக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிர் நீத்தார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-ல் நீங்கியது.

சட்டம் போய்விட்டது, சொல் போய்விட்டதா? ஒரு சாதியின் பெயரைச் சொன்னவுடன் ஒரு குற்றத்தை நினைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் கடைகளிலும் இல்லையா? அப்பழக்கம் பேரரசின் பதிவேட்டிலிருந்து நம் நாவுக்கு வந்தது. ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்று நம்பும் சமுதாயம், ஒரு குழந்தையின் மீது குலத்தின் பழியைச் சுமத்தலாமா? இன்று நம்மைப் பற்றியும் அப்படி எழுதுவோர் உண்டு. பிறர் மீது எழுதப்பட்டதை ஏற்றுக்கொண்டவன், தன் மீது எழுதப்படும்போது மறுக்கும் தகுதியை இழக்கிறான்.

நாம் செய்ய வேண்டியது

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும், எழுதுபவன் நீதியோடு எழுத வேண்டும் என்றும் நம் மார்க்கம் பணித்துள்ளது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் மறுமை நிலை குறித்து நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். இந்த வரலாறு அவ்விரண்டுக்கும் விரிவுரை போல நிற்கிறது.

அன்னியர் செய்த அநியாயத்தைப் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது எளிது. கொஞ்சம் நம்மையும் பார்ப்போம். தங்கையின் பங்கை எழுதித் தராமல் வெள்ளைத் தாளில் கையொப்பம் வாங்கும் அண்ணன் நம்மில் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளியிடம் முன்பணம் கொடுத்து, கணக்கைத் தன் நோட்டில் மட்டும் எழுதும் முதலாளி நம்மில் இல்லையா? வயதான தாயின் கட்டைவிரலை மையில் அழுத்தும் பிள்ளை இல்லையா? லெனாபேயின் நிலத்தில் ஓடிய அந்த மனிதனின் கால்கள் இவர்களுடைய கால்களே!

ஆகவே மூன்று காரியங்களை இந்த வாரமே தொடங்குவோம். வீட்டுப் பத்திரங்களை எடுத்து, பிள்ளைகளையும் பெண்களையும் அமர வைத்து, எது யாருக்கு உரியது என்று உரக்கப் படித்துக் காட்டுங்கள். நம்மிடம் வேலை செய்பவருக்கு அவர் கணக்கை அவர் கையில் எழுதிக் கொடுங்கள். மலைக்கு அப்பால் உள்ள மலையாளச் சகோதரனைப் பற்றி வெறுப்பாக வரும் செய்தியை அடுத்தவருக்குச் சொல்லும் முன், 2011 டிசம்பரில் இறங்கி வந்த கூலிப் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரிலான கல்லூரி எழுந்தபோது, இப்பள்ளத்தாக்கின் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே உயர்கல்வியின் கதவு திறந்தது. ஐயூப் இப்னு சுலைமானை மீட்டதும் எழுத்தறிவே என்பதை நினைவில் வையுங்கள். படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். படித்தபின் பிறரை ஏமாற்றாமல் இருப்பது அதைவிடக் கடினம். அந்த இரண்டாவது கல்வியை எந்தக் கல்லூரியும் தனியே தந்துவிடாது. அது நம் வீட்டில் தொடங்க வேண்டும்.

அடுத்த ஜும்ஆவிலும் அந்த மலை அங்கேயே நிற்கும். அதனை எழுதி வாங்கியவர்கள் போய்விட்டார்கள்; எழுதிக் கொடுத்தவர்களும் போய்விட்டார்கள். மண் எவருடனும் செல்லவில்லை. நம் கையெழுத்து மட்டும் நமக்குப் பின்னும் பேசும். அது நீதியாகப் பேச அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.